வளவு முழுக்க ஒரே வைஃபை: ரிப்பீட்டர் வாங்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வளவில் ஐந்து வீடு. வீட்டுக்காரர் தன் தார்சாவில் வைத்திருக்கும் ரவுட்டரைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர். பகலில் குறையில்லை. ராத்திரி எட்டு மணி ஆனால் கடைசி இரண்டு வீட்டில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொல்கிறார். இணைப்பு கொடுத்தவர் 300 பிளானுக்கு மாறச் சொல்கிறார். எதைச் செய்ய?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். இன்று ராத்திரி எட்டு மணிக்கு ரவுட்டரில் வைஃபையை இரண்டு நிமிடம் அணைத்துவிட்டு, ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் செருகி வேகம் பாருங்கள். 90க்குக் குறையாமல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, சிக்கல் காற்றில், அதாவது வைஃபையில்தான். 300க்கு மாறினாலும் கடைசி வீட்டில் பெரிதாக ஒன்றும் மாறாது.

வளவுக் குழாயடியை நினைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு குடம்தான். வாய் குறுகிய பாத்திரத்தை ஒருவர் வைத்துவிட்டால், அது நிரம்பும்வரை பின்னால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். வைஃபையும் அப்படியே. ஒரு சேனலில், அதாவது வைஃபை பேசும் ஓர் அலைப்பாதையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசும். கடைசி வீட்டில் சிக்னல் மங்கிய போன் மெதுவாகப் பேசப் பேச, ரவுட்டருக்குப் பக்கத்தில் இருப்பவரும் காத்திருக்கிறார். சாதாரண ரிப்பீட்டர், ரவுட்டரிடம் கேட்டதை அதே சேனலில் திரும்பச் சொல்லும். ஒரே தண்ணீரை இரண்டு தடவை பிடிக்கிற கதை. சிக்னல் கோடு நிறையக் காட்டும், வேகம் பாதியாகும். நான் வாங்கியது பரணில் கிடக்கிறது.

முதலில் செலவில்லாத வேலை. ரவுட்டர் பீரோவுக்குப் பின்னால் இருந்தால் எடுத்து, வளவு நடையைப் பார்த்தாற்போல் உயரத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்துத் தெரு வீடுகள் எதில் கூடியிருக்கின்றன என்று போன் ஆப்பில் பார்த்து, காலியானதை எடுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். ரவுட்டருக்குப் பக்கத்து அறைகளில் உள்ள டிவி, லேப்டாப் எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் போகட்டும். அது பழைய கனத்த சுவரை அவ்வளவாகத் தாண்டாது, ஆனால் நெரிசல் குறைவு.

அப்புறம்தான் செலவு. நாலாவது வீட்டு வாசல்வரை ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் முறை) வையுங்கள். யார் வீட்டிலாவது பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால் அதுவே போதும். சேனல் மட்டும் முதல் ரவுட்டரிலிருந்து வேறாக இருக்கட்டும். கேபிள் 100 மீட்டர்வரை போகலாம். வெயில் படும் இடத்தில் பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு விஷயம். ‘காப்பர்’ என்று சொல்லி, செம்பு பூசிய அலுமினியத்தைத் தருகிறார்கள். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

புது ரவுட்டரே வாங்குவதென்றால் பெட்டியில் உள்ள ‘1200’ஐ நம்பாதீர்கள். அது 300, 867 என இரண்டு அலைவரிசையின் வேகத்தையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்ட கணக்கு. லேன் போர்ட் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) என்று கேளுங்கள். 100 போர்ட் உள்ளதை வாங்கிவிட்டு நாளைக்கு 300 பிளானுக்கு மாறினால், கேபிளில் 100ஐத் தாண்டாது. பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

ஆமாம், ஐந்து வீடு பகிர்வதை இணைப்பு ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று வீட்டுக்காரரை ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது.