வீட்டுப்பாடத்துக்கு மார்க் போடலாமா?

கேள்வி: மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் 36 பிள்ளைகள். தினமும் நான்கு பாடத்துக்கும் வீட்டுப்பாடம் கொடுத்து, பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறேன். பாதி நோட்டில் அம்மா எழுதியதுதான் இருக்கிறது. திருத்தி முடிக்க ராத்திரி ஆகிவிடுகிறது. குறைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் மார்க்கை நிறுத்துங்கள். யார் எழுதியது என்றே தெரியாத நோட்டுக்குப் போடும் மார்க் அம்மாவுக்கோ டியூஷன் அக்காவுக்கோதான் போகிறது. சொல்லித்தர ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அது தண்டனை.

அடுத்தது அளவு. ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 24 நிமிடம். அதில் நான்கு பாடம் எங்கே அடங்கும்? ஒரு நாளுக்கு ஒரு பாடம், கூடவே ஐந்து நிமிடம் சத்தமாக வாசிப்பது, போதும். சண்டைக்கு வரும் பெற்றோரிடம் இந்தக் கணக்கையே காட்டலாம்.

வகுப்பில் செய்து பார்த்ததை மட்டுமே வீட்டுக்கு அனுப்புங்கள். மணி அடிப்பதற்கு முன் ஒரு கணக்கை எல்லோரும் போடட்டும். மெதுவாக எழுதும் பிள்ளைக்கு அந்த ஒன்றுக்கு நான்கு நிமிடம் ஆனால், வீட்டுக்கு நான்கு கணக்குக்கு மேல் வேண்டாம். ‘20 நிமிடம் ஆனால் கோடு போட்டு நிறுத்திவிடுங்கள், தப்பாக இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள்’ என்று டயரியில் எழுதுங்கள். தப்புக்கு மார்க் வெட்டு இல்லை என்று தெரிந்தால் அம்மாக்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். பத்து முறை எழுதி வரச் சொல்வது வீண்: பிள்ளைகள் முதல் சொல்லை மேலிருந்து கீழாகப் பத்து தடவை எழுதிவிட்டு இரண்டாம் சொல்லுக்குப் போவார்கள். வாக்கியம் ஒரு முறைகூட மனதில் ஓடாது.

இனி திருத்துவது. 52இலிருந்து 28 போனால் 24. ஒரு பிள்ளை 36 என்று எழுதியிருக்கும், இன்னொன்று 34. முதல் பிள்ளை மேல், கீழ் பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. இரண்டாவது கடன் வாங்கத் தெரிந்த பிள்ளை; பத்தாமிடத்தில் ஒன்றைக் குறைக்க மட்டும் மறந்திருக்கிறது. இருவருக்கும் ‘0’ என்று போட்டால் இரண்டு நோய்க்கு ஒரே மாத்திரை. முதல் பிள்ளைக்குத் தீக்குச்சிக் கட்டு வைத்துப் பத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவதற்கு, ‘5ஐ அடித்து 4 எழுது’ என்ற ஒரு வரி போதும். நான்கு கணக்கும் தப்பு என்றாலும் பெரும்பாலும் அது ஒரே தப்புதான். தமிழிலும் அப்படியே: ர-ற குழப்பத்தை மட்டும் இந்த வாரம் வட்டமிடுங்கள், ல-ள-ழ அடுத்த வாரம். பக்கம் முழுக்கச் சிவப்பு மை இருந்தால் பிள்ளை எதையும் படிக்காது.

குறிப்போடு மார்க்கும் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மார்க்கைப் பார்த்த கண் குறிப்புக்குப் போவதில்லை.

36 நோட்டையும் தினமும் நீங்களே திருத்த வேண்டியதில்லை. நாளுக்கு 9 நோட்டு மட்டும் எடுத்து நிதானமாகப் பாருங்கள். நான்கு நாளில் ஒரு சுற்று வந்துவிடும். மற்றவர்கள் கரும்பலகை பார்த்து வண்ணப் பென்சிலால் தாங்களே திருத்தட்டும். ஒரு நிபந்தனை: அந்த நேரத்தில் அழிரப்பரும் சாதாரணப் பென்சிலும் பைக்குள். இல்லையென்றால் எல்லார் நோட்டும் சரியாகவே இருக்கும்.

ரேங்க் கார்டுக்கு வேண்டிய மதிப்பெண்ணை வகுப்பில் உங்கள் கண்ணெதிரே செய்ததிலிருந்து எடுங்கள். பெயர்ப் பட்டியலுக்கு எதிரே ‘கடன் வாங்கிக் கழித்தல்’, ‘பத்தி வாசித்தல்’ என்று கட்டம் போட்டு, தனியாகச் செய்கிறது, உதவியோடு செய்கிறது, இன்னும் வரவில்லை என மூன்று குறி போதும். ஜூனில் வராதது செப்டம்பரில் வந்துவிட்டால் செப்டம்பர் குறிதான் செல்லும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.

எழுதாமல் வரும் பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள். உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. இரண்டு கணக்கை வகுப்பிலேயே போடச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் மூன்று முறை நடந்தால், காரணம் கேட்டு வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.

நோட்டுப் பார்வைக்கு வரும் தலைமையாசிரியர், சிவப்பு மை எங்கே என்று கேட்கலாம். பிள்ளை திருத்திய பக்கத்தின் அடியில் ‘சுயதிருத்தம்’ என்று தேதியோடு எழுத வைத்து, சுற்று வரும்போது நீங்கள் சுருக்கொப்பம் இடுங்கள். இந்த முறையைப் பருவம் தொடங்கும்போதே அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.