கதை முன்னால், குரல் பின்னால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அண்மையில் முடிந்த ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியை எங்கள் வீட்டில் ஐந்து பேரும் ஒரு வாரம் விடாமல் பார்த்தோம். இறுதிச் சுற்றில் அவிநாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் வெளியூர்ப் பையன் ஒருவனும் மிஞ்சினார்கள். பையன் பாடுவதற்கு முன்பு, அவன் தந்தை இறந்ததையும் தாய் நான்கு வீடுகளில் வேலை செய்து அவனை வளர்த்ததையும் காட்டினார்கள். என் மாமியார் அழுதுவிட்டார். நாங்கள் அவனுக்கே வாக்களித்தோம், அவனே வென்றான். பாட்டு வகுப்புக்குப் போகும் என் மகள் மட்டும், “அந்தக்கா பாடுனதுதானுங்கப்பா சுத்தமா இருந்துச்சு” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மண்டியில் ஒரு நண்பரோ, சனங்களுக்குச் சங்கீதம் தெரியாது, வாக்கெடுப்பையே எடுத்துவிட்டு நடுவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்கிறார். நாங்கள் வாக்களித்தது குரலுக்கா, கஷ்டத்துக்கா? அது தவறா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சு., ஈரோடு

அன்புள்ள சு. அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நண்பர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நம் பக்கத்துக் கோயில் நோம்பிகளில் வள்ளி கும்மி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் நடுவில் நின்று ஓர் அடி பாடுகிறார், சுற்றிலும் நூறு பேர் அந்த அடிக்குக் கால் எடுத்து வைக்கிறார்கள். பாடுகிறவர் தாளத்தில் அரை இமை பிசகினாலும் அத்தனை கால்களும் உடனே தடுமாறும், அவரும் மறு அடியிலேயே தம்மைத் திருத்திக்கொள்வார். மேட்டுப்பாளையம் வட்டாரத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த வள்ளி கும்மிக் கலைஞர் எம். பத்ரப்பன் அவர்களுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நான் மகிழ்ந்ததற்கு, பாடுகிறவரை இவ்வளவு நுட்பமாக எடைபோடும் சனங்களின் கலைக்கு அது கிடைத்தது என்பதும் ஒரு காரணம். சுரத்தின் பெயர் தெரியாத காது சுரத்தை அறியாத காது ஆகிவிடாது.

அப்படிப்பட்ட காது தொலைக்காட்சியின் முன்னால் ஏன் தடுமாறுகிறது என்பதே நாம் யோசிக்க வேண்டியது. சென்ற ஆண்டு அன்னூரில் பேருந்துக்காக ஒரு பேக்கரியில் காத்திருந்தேன். மூலையில் தொலைக்காட்சி, அதில் ஒரு பாட்டுப் போட்டி. வெளியே பேருந்துகளின் ஹாரன், உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம், ஒலியும் குறைத்து வைக்கப்பட்டிருந்ததால் பாட்டில் ஒரு சொல்கூட எங்களுக்கு எட்டவில்லை. திரையில் அந்த இளைஞன் கண்ணை மூடினான், கையை மேலே உயர்த்தினான், நடுவர் ஒருவர் எழுந்து நின்றார், கூட்டத்தில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் என் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், “என்னமாப் பாடறானுங் பாருங்” என்றார். நானும் மனமார ஆமோதித்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்து பாதி வழி வந்த பிறகுதான், நாங்கள் இருவரும் எதையும் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

இது அன்னூர்க்காரர்களுக்கு மட்டும் நேர்வதன்று. தாமே பியானோ வாசிப்பவரான சியா-ஜுங் சாய் என்ற ஆய்வாளர் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பெரிய செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைச் சிலருக்கு ஒலியாக மட்டும், சிலருக்கு ஒலியோடும் படத்தோடும், சிலருக்கு ஒலியில்லாத படமாக மட்டும் கொடுத்து, வென்றவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒலிதான் முக்கியம் என்று எல்லாத் தரப்பிலும் பெரும்பாலோர் சொன்னார்கள், ஆனால் வென்றவரை அதிகமாகச் சரியாகச் சுட்டியவர்கள் ஒலியே இல்லாமல் பார்த்தவர்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களிடமும் இதே முடிவுதான் கிடைத்தது. அந்தப் போட்டிகளில் முதலில் தீர்ப்பு வழங்கிய நடுவர்களையும் கண்தான் வழிநடத்தியிருக்கிறது என்பதே இதன் பொருள். ஆகவே எல்லாவற்றையும் நடுவர்களிடம் விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்ற உங்கள் நண்பரின் நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. 2010ஆம் ஆண்டு நெதர்லாந்தில் தொடங்கிய ‘தி வாய்ஸ்’ பாட்டுப் போட்டியின் முதல் சுற்றில் நடுவர்கள் முதுகைக் காட்டி அமர்ந்து குரலை மட்டும் கேட்கிறார்கள், நல்ல ஏற்பாடு அது. ஆனால் வீட்டில் இருக்கிற நமக்குப் பாடுகிறவரின் முகமும் உடையும் குடும்பமும் காட்டப்பட்டுவிடுகின்றன. பிறகு வாக்களிக்கப் போகிறவர்கள் நாம்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கஷ்டத்தைக் கேட்டு நெகிழ்ந்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரிலிருந்து சிறிது தொலைவில்தான் கொடுமுடி இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த நாடகப் பாடகி கே.பி. சுந்தராம்பாள் சிறு வயதில் வறுமையால் ரயிலில் பாடியதும், 1933ஆம் ஆண்டு கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா இளம் வயதிலேயே மறைந்த பிறகு அவர் வெள்ளை உடையிலேயே வாழ்ந்ததும் அவருடைய பாட்டைக் கேட்ட தமிழர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் குரலில் அந்த வாழ்க்கையையும் சேர்த்தே அவர்கள் கேட்டார்கள். எங்கள் பாட்டி அவர் பாட்டு வானொலியில் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, “பாவம், மகராசி” என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்க உட்காருவார். ஆனால் அங்கே குரல்தான் முதலில் வந்தது. ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடகக் கொட்டகையில், கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருந்தவனுக்குச் சொல் சொல்லாகப் போய்ச் சேர்ந்த குரல் அது. அந்தக் குரலோடு ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகே சனங்கள் அவர் கதையைத் தங்கள் வீட்டுக் கதையாக ஏற்றுக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. இரண்டு நிமிடத்தில் கதை சொல்லப்பட்டு, மனம் கனிந்து முடிந்த பிறகு குரல் வருகிறது, அந்தக் கனிவைத் தாண்டிப் போய்க் காதால் எதையும் கேட்க முடிவதில்லை. இதில் அந்தப் பையனின் பிழை எதுவுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் தாயின் துன்பத்தை எந்த இடத்தில் காட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவனிடம் இருந்திருக்காது.

நீங்கள் குறிப்பிட்ட இருவரின் இறுதிச் சுற்றுப் பாடல்களையும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று முறை கேட்டேன். ஒளிபரப்பாகும் ஒலி அரங்கில் கேட்ட அதே ஒலி அன்று, அது கலக்கப்பட்டுச் சீர்செய்யப்பட்டே நம்மிடம் வருகிறது. சுருதியைத் திருத்தும் மென்பொருள்கள் 1997 முதலே புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே சுருதியைப் பற்றி நான் உறுதியாகப் பேசமாட்டேன். மூச்சையும் சொல்லையும் பற்றிப் பேசலாம். பையன் பல்லவியில் இரண்டு இடங்களில் சொல்லின் நடுவே மூச்சு வாங்கினான், சொல் இரண்டாக உடைந்தது. மேல் ஸ்தாயியில் அவன் நீண்ட நேரம் நின்ற இடத்தில்தான் கைத்தட்டல் எழுந்தது, அந்தக் கைத்தட்டலுக்குள் வரியின் கடைசிச் சொல் காணாமல் போயிற்று. அந்தப் பெண் சரணத்தின் முதல் வரியில் நன்றாகக் கீழே இறங்கினாள். குரல் மெலிந்தது, ஆனால் லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியே நின்றன, வரி முடிந்த பிறகே மூச்சு எடுத்தாள். அந்த இடத்தில் யாரும் கைதட்டவில்லை. உயரத்தில் ஏறுவதைத் திறமையாகவும், கீழே இறங்கி நிற்பதை ஒன்றுமில்லாததாகவும் எண்ணும் பழக்கம் நம்மிடம் ஏற்பட்டிருக்கிறது. பாடத் தெரிந்த யாரையாவது கேளுங்கள், எது கடினம் என்று சொல்வார்கள். இசைத்தட்டில் கேட்டதை அச்சு அசலாகத் திரும்பப் பாடினால் போதும் என்று எதிர்பார்ப்பதும் இதே போன்றதுதான், அதைப் பற்றி வேறொரு முறை விரிவாக எழுதுகிறேன். பையனுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். பாட்டின் முடிவில் சொல்லில்லாமல் அவன் முனகிய சில கணங்கள் உண்மையிலேயே அழகானவை.

வாக்கெடுப்பைப் பொறுத்தவரை, அதைத் தீர்ப்பு என்று நான் கருதவில்லை. ஓர் ஊரே ஃபிளெக்ஸ் வைத்துத் தங்கள் பிள்ளைக்கு வாக்குக் கேட்பது பாசம், அதற்கு உரிய மதிப்பு அதற்கு உண்டு.

உங்கள் மகள் மற்றவர்கள் நெகிழ்ந்துபோயிருந்த ஒரு கூடத்தில் உட்கார்ந்து, தான் கேட்டதைத் தான் கேட்டதாகவே சொல்லியிருக்கிறாள். அவள் எதைச் சுத்தம் என்று சொன்னாள் என்பதை, முடிந்தால் அந்தப் பாட்டை மறுபடி போட்டு வைத்து, அவளிடமே கேளுங்கள். நான் கேட்டுச் சொன்னதற்கும் அவள் சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த அவிநாசிப் பெண் இந்த ஆண்டு நம் பக்கத்தில் எந்தக் கோயில் நோம்பியிலாவது பாடுவதாகத் தெரியவந்தால் அதையும் தெரிவியுங்கள், நேரில் வந்து கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்.