கேளுங்க... ஆடுங்க! இந்த வாரம்: மாஸ் எஃபெக்ட் 2

பயோவேர் உருவாக்கி 2010இல் வெளியான இந்த விண்வெளி அதிரடி கேமைப் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. 2021இல் மூன்று பாகங்களும் சேர்ந்து 'லெஜண்டரி எடிஷன்' ஆக வந்த பிறகு புதிதாகப் பிடித்தவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது. கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் முதல் மூன்று கேள்விகளைத் தாண்டிப் போய்விடலாம்.

அம்மாப்பேட்டை வாசகர்: கடைசி மிஷனில் என் அணியில இருக்கிற டாலியைக் குழாய்க்குள் அனுப்பினேன். அவளோட லாயல்டி மிஷனும் (அவள் சொந்த வேலையை முடிச்சுக் குடுத்து விசுவாசத்தைச் சம்பாதிக்கிறது) முடிச்சாச்சு. அப்படியும் கதவு மூடுற நேரத்துல செத்துட்டா. கேம்ல பக்கா?

பக் இல்லை. அதே நேரத்தில் இன்னொரு அணிக்கு யாரைத் தலைவராகப் போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேரஸ், ஜேக்கப், மிராண்டா ஆகிய மூவரில் ஒருவர், அதுவும் லாயல்டி முடித்தவர், தலைவராக இல்லாவிட்டால் அடி விழுவது குழாய்க்குள் போனவருக்கு. தப்பு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு! கேம் இதை எங்கும் சொல்லாது. குழாய்க்கு டாலி, லீஜியன், கசூமி மூவரும் ஏற்றவர்கள். ஜேக்கப் 'நான் போறேன்' என்று முன்வருவான், அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது பூச்சிக் கூட்டத்தைத் தடுக்கும் பயோடிக் (உடலிலிருந்து கிளம்பும் ஆற்றல்) கவசம். மிராண்டா தன்னாலும் முடியும் என்பாள், நம்ப வேண்டாம். ஜாக் அல்லது சமாராவைப் போடுங்கள். மீட்ட ஊழியர்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போக மோர்டின். அதற்குக் காரணம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

அங்கே பின்னால் நின்று காவல் காப்பவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத மதிப்பெண் உண்டு. கேரஸ், கிரண்ட், ஸயீத் தலா 4. ஜாக், டாலி, கசூமி, மோர்டின் தலா 1 (மோர்டினைக் கப்பலுக்கு அனுப்பச் சொன்னது இதனால்தான்). மற்றவர்கள் 2. லாயல்டி இல்லாவிட்டால் ஒன்று குறையும். ஐந்து பேரோ அதற்கு மேலோ நின்றால் சராசரி 2 வந்தாக வேண்டும். பெரும்பாலோர் செய்யும் தவறு, பலசாலிகளான கேரஸையும் கிரண்டையும் தன்னோடு கூட்டிப்போவது. பின்னால் ஜாக், டாலி, கசூமி, மோர்டின் என்று நான்கு 1-களும் ஒரே ஒரு 2-ம் நின்றால் மொத்தம் 6, சராசரி 1.2. ஆள் போகத்தான் செய்யும். தலைகீழாகச் செய்யுங்கள்: டாலியும் ஜாக்கும் உங்களோடு, முரட்டு ஆட்கள் பின்னால்.

இத்தனைக்கும் முன்னால் கப்பலின் மூன்று மேம்பாடுகள் முடிந்திருக்க வேண்டும்: கவசத் தகடு (ஜேக்கப்), ஷீல்டு (டாலி), தானிக்ஸ் பீரங்கி (கேரஸ்). அந்தந்த ஆளிடம் போய்ப் பேசினால்தான் ஆய்வுப் பட்டியலில் வரும். ஒன்று விட்டுப்போனாலும் தரையிறங்கும் முன்பே ஓர் உயிர் போகும்.

ஓமலூர் வாசகர்: கப்பல் ஊழியர்களை எதிரிகள் கடத்திட்டுப் போனதும் பாக்கி இருந்த சின்ன மிஷன்களை முடிச்சுட்டுப் போனேன். பாதிப் பேரைக் காணோம்.

மற்ற கேம்களில் 'உடனே வா' என்பது ஒப்புக்குச் சொல்வது. இதில் நிஜம். உடனே போனால் எல்லோரும் பிழைப்பார்கள். ஒன்று முதல் மூன்று மிஷன் தாமதித்தால் பாதி. அதற்கு மேல் டாக்டர் சக்வாஸ் மட்டும்தான். ஆகவே கடத்தலுக்கு முன்னால் வரும் 'ரீப்பர் ஐஎஃப்எஃப்' (கப்பல் அடையாளக் கருவி) மிஷனைத் தொடும் முன்பே, லீஜியன் தவிர மற்றவர்களின் லாயல்டி மிஷன்களை முடித்துவிடுங்கள்.

சூரமங்கலம் வாசகர்: முதல் பாகத்தைவிட இதுதான் உசத்தின்னு எல்லாரும் சொல்றாங்க. பாதியைப் பிடுங்கிட்டாங்களே சார்?

பிடுங்கியது உண்மை. கிரகங்களில் ஓட்டித் திரியும் மேக்கோ வண்டி இல்லை, பொருள் மூட்டை இல்லை, திறமைகள் குறைவு. மூட்டை போனதற்கு நாங்கள் வருத்தப்படவில்லை, முதல் பாகத்தில் பாதி நேரம் பழைய துப்பாக்கிகளைக் கரைப்பதிலேயே போனது. ஆனால் சூடேறினால் ஆறவிட்டுச் சுடும் பழைய முறை தனி அழகு. அதை எடுத்துவிட்டு, தீர்ந்துபோகும் 'தெர்மல் கிளிப்' வைத்தது சாதாரணத் துப்பாக்கிச் சண்டைக்கு இறங்கி வந்ததுதான். அதற்குப் பதிலாக, சுடுவது கைக்கு அடங்கியது, மறைந்து நின்று அடிப்பது சீரானது.

உண்மையான பலம் ஆட்கள். பன்னிரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கதை. மையக் கதை மெலிசுதான். தட்டுவடை செட்டில் தட்டுவடை மெலிசு, மேலே வைக்கிற காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும்தானே விஷயம்! கடைசி எதிரி மட்டும் சொதப்பல். அவ்வளவு கட்டி எழுப்பிவிட்டு, பழைய ஆர்கேடு பெட்டியில் வருகிற மாதிரி ஒரு ராட்சத எலும்புக்கூடு.

ஏற்காடு வாசகி: கனிமத்துக்காகக் கிரகங்களை ஸ்கேன் பண்ணியே கை வலிக்குது. எல்லாத்தையும் பண்ணணுமா?

வேண்டாம். இந்த கேமின் பெரிய குறையே இதுதான். கொண்டை ஊசி வளைவில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வேகம். முதலில் மிராண்டா தரும் ஸ்கேனர் மேம்பாட்டை வாங்குங்கள் (இரிடியம் 15,000). 'ரிச்' என்று காட்டும் கிரகங்களை மட்டும் தொடுங்கள், அதிலும் உயரமான முள் எழும்பும் இடத்தில் மட்டும் புரோப் (கனிமம் எடுக்கும் கருவி) விடுங்கள். கப்பல் மேம்பாடுகளுக்கு வேண்டியது பல்லேடியம் 30,000, பிளாட்டினம் 15,000. அது சேர்ந்ததும் மற்றவை உங்கள் விருப்பம்.

இன்னொன்று: லெஜண்டரி எடிஷனுக்கு 120 ஜிபி இடம் வேண்டும். மலையில் தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவில் இறக்கினால் இரண்டு மாதம். மடிக்கணினியோடு கீழே சேலத்துக்கு வந்து, பிராட்பேண்ட் உள்ள வீட்டில் ஓர் இரவு போட்டுவிடுங்கள். சண்டைக்கு நடுவே சேவ் செய்ய முடியாது என்பதால், இடி மழை நாளில் ஒவ்வொரு சண்டை முடிந்ததும் கையால் சேவ் போடுங்கள்.

ஆத்தூர் வாசகர்: 'இன்சானிட்டி'யில் (இருக்கிறதுலயே கஷ்டமான நிலை) என் பயோடிக் சக்தி எதுவுமே வேலை செய்யலை. தூக்குற 'புல்' போட்டா எதிரி அசையவே மாட்டேங்கிறான்.

எதிரியின் உயிர்க்கோட்டுக்கு மேலே நிறம் பாருங்கள். நீலம் ஷீல்டு: 'ஓவர்லோடு'. ஊதா பேரியர்: 'வார்ப்'. மஞ்சள் கவசம்: 'இன்சினரேட்' அல்லது 'வார்ப்'. சிவப்பு உயிர்க்கோடு மட்டும் மிஞ்சிய பிறகுதான் தூக்குவதும் எறிவதும் பலிக்கும். இன்சானிட்டியில் அநேகமாக எல்லோருக்கும் இப்படி ஒரு பாதுகாப்பு அடுக்காவது உண்டு. உங்கள் சக்திகள் எல்லாவற்றுக்கும் ஒரே காத்திருப்பு நேரம் என்பதால் அடுக்கை உடைக்கும் வேலையைக் கூட வருபவர்களிடம் கொடுங்கள். மிராண்டாவிடம் ஓவர்லோடு, வார்ப் இரண்டும் இருக்கின்றன. அவளை ஏன் கப்பலிலேயே உட்கார வைத்திருக்கிறீர்கள்?