நானூறு வரி மெமரி இருந்தும் ஏஜென்ட் ஏன் திருந்தவில்லை?

கேள்வி: பில்லிங் மென்பொருள் எழுதுவது என் வேலை. நிரல் எழுதித் தரும் ஏஐ ஏஜென்ட்டான கிளாட் கோடை ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன். தினமும் மூடுவதற்கு முன் "இன்று கற்றதை மெமரியில் சேமித்து வை" என்று சொல்கிறேன். அந்த மெமரிக் கோப்பு நானூறு வரியைத் தாண்டிவிட்டது. ஆனாலும் மறுநாள் அதே தவறுகள். எங்கே தப்பு?

பதில்: தப்பு பெரும்பாலும் அந்தக் கட்டளையில்தான். "இன்று கற்றதை" என்று கேட்டால் ஏஜென்ட் பள்ளி ஆண்டுவிழா அறிக்கை வாசிக்கும். உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள், இப்படி ஒரு வரி கட்டாயம் இருக்கும்: "வரிக் கணக்கீட்டுப் பகுதியை வெற்றிகரமாகச் சீரமைத்தோம். ரவுண்டிங்கில் கவனம் தேவை என்பதை உணர்ந்தோம்." சரி, உணர்ந்தாகிவிட்டது. இதை நாளை காலை படிக்கிற ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும்? அது மட்டும் அதில் இல்லை.

மெமரி என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. நீங்கள் பேசியதால் ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலுக்குள் எதுவும் மாறுவதில்லை. திட்டத்தின் கோப்புறையில் கிளாட் டாட் எம்டி (CLAUDE.md) என்று ஒரு கோப்பு இருந்தால், ஒவ்வொரு செஷன் தொடங்கும்போதும் அது உரையாடலின் தலையில் சேர்க்கப்படுகிறது, அவ்வளவுதான். நானூறு வரி என்றால் நானூறும் தினமும் ஏறும். அதில் வேலைக்கு ஆகும் பத்து வரி, ஆகாத வரிகளோடு போட்டி போட வேண்டும்.

அதே ரவுண்டிங் பாடத்தை நான் எழுதினால் இப்படி இருக்கும்: "வெளிமாநில பில்லில் ஐஜிஎஸ்டியைக் கணக்கிடும்போது: வரியை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே ரவுண்ட் செய்யாதே, மொத்தத்துக்கு ஒரே தடவை செய். காரணம்: 10.15 ரூபாய்க்கு மூன்று பொருள், 18 சதவீத வரி. தனித்தனியே செய்தால் 5.49, மொத்தமாகச் செய்தால் 5.48. இந்த ஒரு பைசாவால் தினசரிக் கணக்கு டெஸ்ட் தோற்றது." எப்போது, என்ன செய்ய வேண்டும், ஏன், ஆதாரம் என்ன என்ற நான்கும் இதில் இருக்கின்றன. (டெஸ்ட் என்பது, மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல்.) ஆதாரத்தை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு விதி மாறினால், இந்த வரியை அழிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

2023இல் வெளிவந்த ரிஃப்ளெக்ஷன் என்ற ஆய்வு இந்த யோசனையைப் பரவலாக்கியது: ஏஜென்ட் ஒரு வேலையில் தோற்றதும், ஏன் தோற்றது என்று சொற்களில் எழுதி, அடுத்த முயற்சியில் அதைப் படித்துக்கொள்ளும். பலர் கவனிக்காத விஷயம், அங்கே ஜெயித்ததா தோற்றதா என்ற ஒரு முடிவு கையில் இருந்தது. அப்படி எதுவும் இல்லாமல் "சிந்தித்துப் பார்" என்று சொன்னால், கிடைப்பது ஊகம்தான். அதனால் டெஸ்ட் தோற்ற இடம், நீங்கள் "இது தப்பு" என்று திருத்திய இடம், இந்த இரண்டில் மட்டும் குறிப்புக் கேளுங்கள்.

அதையும் கடைசி நிமிடத்தில் கேட்காதீர்கள். செஷன் நீண்டுவிட்டால் பழைய உரையாடலை கிளாட் கோட் தானே சுருக்கிவிடும். காலை பதினொரு மணிக்கு ஒரு பிழையோடு மல்லுக்கட்டிய விவரம், மாலையில் ஒரு வரிச் சுருக்கமாக நிற்கும். அப்போது எழுதப்படுவது அந்தச் சுருக்கத்தைப் பற்றிய குறிப்பு. பிழை தீர்ந்த கையோடு எழுதச் சொல்லுங்கள், மாலையில் சரிபார்த்தால் போதும்.

சேமிக்கும் முன் நீங்கள் படித்தே ஆக வேண்டும். எனக்கு ஒருமுறை பிரின்டர் டெஸ்ட் தோற்றபோது, ஏஜென்ட் "இந்த டெஸ்ட் எப்போதும் தோற்கும், பொருட்படுத்த வேண்டாம்" என்று எழுதிவைத்தது. அன்று நெட்வொர்க் போயிருந்தது, அதுதான் காரணம். படிக்காமல் சரி என்றேன். பிறகு நிஜமாகவே பிரின்டர் பகுதி உடைந்தபோது, ஏஜென்ட் இரண்டு வாரம் அதைச் சமர்த்தாகத் தாண்டிப் போனது. மறதியே தேவலை என்று தோன்றிவிட்டது. அப்புறம், அணி நிரலைப் பகிர்ந்து வைக்கும் கிட்டில் (Git) அந்தக் கோப்பு ஏறினால் அணியில் எல்லோருக்கும் போகும். கடவுச்சொல்லோ வாடிக்கையாளர் விவரமோ அதில் இருக்கக் கூடாது.

இப்போது உள்ள நானூறு வரியை ஏஜென்ட்டிடமே கொடுத்துச் சுருக்கச் சொல்லாதீர்கள். நானூறு மங்கலான வரி, நூறு மங்கலான வரியாகும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு வரியிடமும் "இது இல்லாவிட்டால் ஏஜென்ட் தப்புச் செய்யுமா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடுங்கள். ஆம் என்றால், அதை ஒரு டெஸ்டாக எழுத முடியுமா என்று பாருங்கள். மேலே சொன்ன 5.48 கணக்கை டெஸ்டாக எழுதிவிட்டால் அந்தக் குறிப்பே தேவையில்லை. குறிப்பைப் படித்தும் ஏஜென்ட் மீறலாம், தோற்கிற டெஸ்டை அவ்வளவு சுலபமாக மீற முடியாது. பாதியில் நிற்கும் வேலைக்குத் தனிக் கோப்பு வையுங்கள், தினமும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதட்டும்.

உடனுக்குடன் எழுதியதைச் சரிபார்க்கும்போது, இன்று மாலை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இன்று டெஸ்ட் தோற்ற இடங்களையும் நான் உன்னைத் திருத்திய இடங்களையும் மட்டும் எடு. ஒவ்வொன்றுக்கும் எப்போது, என்ன செய்ய வேண்டும், ஏன், ஆதாரம் என்று எழுதி, முதலில் என்னிடம் காட்டு. ஏற்கெனவே கோப்பில் இருந்தால் புதிதாகச் சேர்க்காமல் அதையே திருத்து. எழுத ஒன்றும் இல்லையென்றால் 'ஒன்றும் இல்லை' என்று சொல்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், ஒன்றும் நடக்காத நாளிலும் ஏதாவது ஒரு பாடத்தைக் கண்டுபிடித்து எழுதிவிடும்.