சாப்பிட்டதை அப்படியே வெளியே தள்ளுற நாய்

கேள்வி: டாக்டர், எங்க நாய் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல குமட்டல் எதுவும் இல்லாமலே சாப்பாட்டை அப்படியே வெளியே தள்ளிடுது. எக்ஸ்ரேல உணவுக்குழாய் விரிஞ்சிருக்கு, நரம்புப் பிரச்சினையா இருக்கலாம்னாங்க. உணவுக்குழாய்க்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நிறையவே சம்பந்தம் இருக்குங்க. நமக்கு உணவுக்குழாயோட கீழ்ப்பகுதி மென்தசை, அதாவது பெரும்பாலும் தானாவே இயங்குற தசை, ஆனா நாய்க்கு தொண்டையிலேர்ந்து வயித்து வாசல் வரைக்கும் கை கால்ல இருக்கிற அதே வரித்தசைதான், அதனால மூளைத்தண்டுலேர்ந்து கிளம்புற வேகஸ் நரம்பு, அதாவது 10-வது மூளை நரம்பு, அதுவும் அதோட கிளைகளும் சிக்னல் கொடுத்தாதான் குழாய் சுருங்கி சாப்பாட்டை கீழே தள்ளும், சிக்னல் வரலைன்னா தொளதொளன்னு விரிஞ்சு சாப்பாடு அங்கேயே தேங்கிடும். வயிறு எக்கி எக்கி எடுத்தா அது வாந்தி, தலையைக் குனிஞ்சதுமே செரிக்காத சாப்பாடு உருளையா வந்து விழுந்தா அது உணவுக்குழாய் சமாச்சாரம்.

நரம்பு நல்லா இருந்தும் அது தசையைத் தொடுற இடத்துல கோளாறு வரலாம், மையஸ்தீனியா கிராவிஸ்னு பேரு, ரத்தப் பரிசோதனைல தெரியும், இதை அவசியம் கேட்டுப் பாருங்க, ஏன்னா மருந்து இருக்கு. அதுவரைக்கும் நாயை நிமிர்த்தி வச்சே ஊட்டுங்க, சாப்பிட்டப்புறமும் ஒரு 15 நிமிஷம் அப்படியே இருக்கட்டும். இருமல், மூச்சிரைப்பு வந்தா உடனே தூக்கிட்டு ஓடுங்க, சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயிருக்கலாம்.