சொம்பும் செம்பும்: கேள்வி பதில்

கே: செம்பு சரியா, சொம்பு சரியா?

ப: எழுத்தில் செம்பு, பேச்சில் சொம்பு. அடுத்து வரும் 'ம்ப' ஒலிக்கு உதடு மூட வேண்டும். அதனால் எகரம் ஒகரமாகக் குவிந்துவிடுகிறது. இதில் கொச்சை என்று முகம் சுளிக்க ஒன்றுமில்லை.

கே: எங்கள் வீட்டில் இருப்பது எவர்சில்வர். அதை எப்படிச் செம்பு என்பது?

ப: செந்நிற உலோகம் என்பதால் செம்பு. அதில் செய்த பாத்திரத்துக்கும் அதே பெயர் வந்தது. பிறகு பித்தளை வந்தது, எவர்சில்வர் வந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று 'செம்புச் சொம்பு' என்று கேட்டு வாங்குகிறோமே!

கே: செப்பேடு என்கிறோம், ஏன் செம்பேடு இல்லை?

ப: நல்ல கேள்வி. செம்பு முன்சொல்லாக நிற்கும்போது நடுவிலுள்ள மெல்லினம் வல்லினமாகும். செம்பு + ஏடு = செப்பேடு; செம்பு + குடம் = செப்புக்குடம். இரும்பு + பாதை இருப்புப்பாதை ஆனதும் இப்படித்தான். தாளிக்கிற இலுப்பச்சட்டி இருக்கிறதே, அதுவும் இருப்புச்சட்டிதான். இலுப்பை மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கே: சொப்புச் சாமான்?

ப: செப்பு என்றால் மூடியுள்ள சிறு பாத்திரம். 'செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி' (குறள் 887). செப்பும் மூடியும் ஒன்றுபோலத் தெரியும், திறந்தால் இரண்டு. அந்தச் செப்புதான் குழந்தைகள் கையில் சொப்பு.

கே: சார், ஈயச்சொம்பு ரசம் விஷம் என்கிறார்களே?

ப: ஈயத்தில் இரண்டு உண்டு. காரீயம் நஞ்சு. ரசச் சொம்புக்கு உரியது வெள்ளீயம். நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆகவே புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் வைக்க வேண்டும், அதுவும் சின்னத் தீயில். வெறும் சொம்பை ஏற்றிவிட்டுப் பருப்பு எடுக்கப் போனால், திரும்பும்போது அடி இருக்காது.

கே: சொம்புதூக்கி?

ப: நேற்றுப் பிறந்த வசவு. ஜால்ரா என்பதன் தம்பி.

கே: கேரளக் கல்யாணத்தில் 'செம்பு எடு' என்றார்கள், பெரிய அண்டா வந்தது!

ப: மலையாளத்தில் பிரியாணி வேகும் பெரிய பாத்திரமும் செம்புதான். தெலுங்குச் செம்பு நம்முடையது போலச் சிறியது. கன்னடத்தில் சொம்பு. ஆனால் பெங்களூரில் யாராவது 'சொம்பு கொடுத்தான்' என்றால் தண்ணீர் கிடைத்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஏமாற்றிக் கையை விரித்துவிட்டான் என்று பொருள்.