எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு முன்: தரவுத்தள வடிவமைப்பைத் தொடங்கும் மாணவருக்கு

தரவுத்தள வடிவமைப்பை அடிப்படையிலிருந்து கற்க விரும்புவதாகவும், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல், ஆரக்கிள் ஆகிய தரவுத்தள மென்பொருள்களுள் எதில் தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இம்மூன்றுமே, ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் முன்வைத்த, தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் உறவுநிலை மாதிரியின் வழிவந்தவை என்பதால், ஒன்றில் கற்ற வடிவமைப்பு மற்றவற்றிலும் பெரிதும் செல்லுபடியாகும். எனவே தொடக்கத்தில் தாளும் பென்சிலும் போதும் என்பதே என் கருத்து.

ஒரு நூலகத்தின் இரவல் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் நூலின் பெயர், ஆசிரியர், உறுப்பினர் பெயர், தொலைபேசி எண், இரவல் தேதி ஆகிய அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடுக்கிவிடுவார்கள். ஓர் உறுப்பினர் பத்து நூல்கள் எடுத்தால் அவருடைய எண் பத்து வரிகளில் இடம்பெறும். அந்த எண் மாறும்போது ஒன்பது வரிகள் மட்டும் திருத்தப்பட்டால், எது சரியான எண் என்று பின்னர் யாராலும் சொல்ல இயலாது. இன்னும் எந்த நூலையும் எடுக்காத புதிய உறுப்பினரைப் பதிவு செய்ய அதில் முறையான இடமே இராது. பழைய இரவல் வரிகளை நீக்கினாலோ உறுப்பினரும் சேர்ந்தே மறைந்துவிடுவார். தகவலை உரிய அட்டவணைகளாகப் பிரிக்கச் சொல்லும் நார்மலைசேஷன் எனப்படும் இயல்பாக்க விதிகள் இத்தகைய கோளாறுகளைத் தவிர்க்கவே வகுக்கப்பட்டவை. அவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதற்கு முன், இக்கோளாறுகளை நீங்களே ஒருமுறை தாளில் உண்டாக்கிப் பாருங்கள்.

அடுத்து, நூல் வேறு, அதன் படி வேறு என்பதைக் கவனியுங்கள். ஒரே நூலுக்கு ஐந்து படிகள் இருக்கலாம். இரவலாகச் செல்வது படிதான். ஆகவே இரண்டிற்கும் தனித்தனி அட்டவணை வேண்டும். ஒரு நூலை இருவர் சேர்ந்து எழுதியிருக்கலாம், ஒருவரே பல நூல்களை எழுதியுமிருக்கலாம். இந்தப் பலவற்றுக்குப் பல என்ற உறவை, நூல், ஆசிரியர் ஆகியவற்றுக்கான அட்டவணைகளோடு, நூலின் சாவியையும் (ஒரு வரியைத் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) ஆசிரியரின் சாவியையும் மட்டும் இணைத்து வைக்கும் மூன்றாவது அட்டவணையால்தான் ஒழுங்காகக் காட்ட முடியும். பலரும் தடுமாறும் இடம் இதுவே. இங்கு எவ்வளவு நாள் செலவிட்டாலும் தகும். பீட்டர் சென் 1976-இல் அறிமுகப்படுத்திய, பொருள்களையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் படமாகக் காட்டும் இஆர் வரைபட முறை இதற்குப் பெரிதும் துணைசெய்யும்.

வரைபடம் நிலைபெற்ற பிறகு எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளில் அதை உருவாக்குங்கள். தனி சர்வர் வேண்டாம். தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். ஆனால் ஃபாரின் கீ சோதனை, அதாவது ஓர் அட்டவணை சுட்டும் சாவி மற்ற அட்டவணையில் உண்மையில் இருக்கிறதா என்ற சோதனை, அதில் இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் நீங்களே அதை இயக்க வேண்டும். இல்லாத உறுப்பினரின் பெயரில் ஓர் இரவலைச் சேர்க்க முயன்று, அது மறுக்கப்படுகிறதா என்று சோதியுங்கள். தொலைபேசி எண்ணை எழுத்து வகையாகவே வையுங்கள். எண் வகையில் முதலில் வரும் பூஜ்யம் காணாமற்போகும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, வடிவமைப்பாளர் என்ற பெயரிலேயே தொடக்கநிலைப் பணி கிடைப்பது அரிது. பேக்எண்ட் டெவலப்பர், டேட்டா அனலிஸ்ட், டேட்டா இன்ஜினியர் போன்ற பணிகளில்தான் இத்திறன் பயன்படும். சான்றிதழ்களுக்குப் பணம் செலவிடுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டு, மேற்கண்ட நூலக வடிவமைப்பை முழுமையாக்கி, ஒவ்வொரு அட்டவணையையும் ஏன் பிரித்தீர்கள் என்று இரண்டிரண்டு வரிகளில் எழுதி வையுங்கள். நேர்காணலில் அந்தத் தாளை முன்வைத்துப் பேசலாம்.